வீட்டில் இருப்பவருக்காக வீடு தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், திருகோணமலை

வருட இறுதி நெருங்குகிறது. இடமாற்றக் கடிதங்கள் கைக்கு வரும் காலம். வேலை மாறித் திருகோணமலைக்கு வரும் குடும்பங்கள் எந்தப் பகுதியில் வீடு எடுப்பது என்று கேட்டு எழுதியவர்களுக்கே இந்த இதழை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஹற்றனில் இருக்கிறோம். கணவர் அரச வங்கியில் வேலை செய்கிறார். ஜனவரியிலிருந்து திருகோணமலை நகரக் கிளைக்கு மாற்றம் வந்திருக்கிறது. மகள் வருகிற வருடம் தரம் 4. மகனுக்கு மூன்று வயது. மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, தொய்வும் உண்டு. கணவரின் நண்பர் ஒருவர் நிலாவெளியில் கடற்கரைக்கு அருகே மூன்று அறை வீடு ஒன்றைக் குறைந்த வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அதே பணத்துக்கு நகரத்தில் ஓர் அனெக்ஸ்தான் கிடைக்கும். "மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் வேலைக்குப் போய்விடுவேன், பிள்ளைகளுக்குக் கடற்காற்றும் கிடைக்கும்" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. – வாசகி, ஹற்றன்

பதில்: தங்கச்சி, உங்கள் கணவர் எவ்வளவு நேரத்தில் வேலைக்குப் போய்ச் சேர்வார் என்பது உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மகள் எதில் பாடசாலைக்குப் போவாள், மாமி கிளினிக்குக்கு எப்படிப் போவார், நடு இரவில் மகனுக்குக் காய்ச்சல் கொதித்தால் யாருடைய கதவைத் தட்டுவீர்கள் என்பவை இல்லை. வீட்டில் அவற்றை யாரும் பேசவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மனம் ஒப்பாதது அதனால்தான்.

நான் கடமைக்காக வீடுகளுக்குப் போனது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில். சம்பளம் வாங்குகிறவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். கைக்குழந்தையோடு தாய் இருப்பார்; விறாந்தையில் வயதானவர் ஒருவர் இருப்பார்; நிலத்தில் ஒரு பிள்ளை தவழும். அந்த வீட்டில் உண்மையில் குடியிருப்பவர்கள் அவர்கள். ஆனால் வீட்டைத் தெரிவு செய்தவர் மாலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, படுத்து, காலையில் புறப்பட்டுப் போகிறவர். பகலெல்லாம் யார் அந்தச் சுவர்களுக்குள் இருக்கப்போகிறாரோ அவருக்காகத்தான் இடம் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி மூவர் இருக்கிறீர்கள்: நீங்கள், மாமி, சின்னவன்.

நிலாவெளியை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கடற்கரை போல ஒன்று கிடைப்பது அரிது, ஊர்மக்களும் நல்லவர்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும், சொந்தம் சூழ இருப்பவர்களுக்கும் அது குறையில்லாத இடம். நீங்கள் ஒருவரையும் அறியாமல் மலைநாட்டிலிருந்து வருகிறீர்கள். நிலாவெளி நகரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் கணவரோடு போய்விடும். அதன்பிறகு பிரதான வீதிக்கு நடந்து வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கப்போவது, ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் மாமியையும் பிடித்தபடி, நீங்கள்தான்.

அந்த வாடகை ஏன் குறைவு என்பதையும் யோசியுங்கள். கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகளின் பருவம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் மழை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், அறைகள் வெறுமையாகும், உரிமையாளர்கள் வாடகையை இறக்குவார்கள். ஜனவரியில் நீங்கள் போகும்போது இன்முகத்தோடு சாவியைத் தருவார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பின்னும் அதே வாடகைக்கு அங்கே இருக்கலாமா? முழு வருடத்துக்கு எழுத்தில் உடன்படிக்கை தருவாரா என்று அந்த நண்பர் மூலம் கேட்டுப் பாருங்கள். பதில் இழுபட்டால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள். பாடசாலைத் தவணை நடுவில் பெட்டி படுக்கையோடு இன்னொரு வீடு தேடுவது உங்கள் மகளுக்குச் செய்யக்கூடாத ஒன்று.

நிலாவெளி வீதியில் நான் கடமை செய்தபோது பார்த்த ஒரு தாயைச் சொல்கிறேன். வெளியூர், முதல் குழந்தை. பெரிய வீடு, பின்பக்கம் கடல். மழைக்காலம் என்பதால் இரண்டு பக்கமும் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. பிரசவத்துக்குப் பிந்திய பார்வைக்காக நான் போனபோது வாசலில் கதிரையைப் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ், நேற்று இவர் வேலைக்குப் போனதற்குப் பிறகு நான் பேசுகிற முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். கணவருக்கு அன்று இரவு வேலையும் சேர்ந்திருந்தது. குழந்தையின் பதிவேட்டில் நிறைக் கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்; தனக்கு மட்டும் சமைக்க மனம் வரவில்லை என்றார். பாலில் குறை இல்லை, தாயில் குறை இல்லை. பேச ஒரு முகம் இல்லை. பிறகு அவர்கள் நகரத்தில் ஒரு வயதான தம்பதியின் வளவுக்குள் இருந்த சிறிய அனெக்ஸுக்கு மாறினார்கள். அந்த வீட்டு அம்மா குழந்தைக்கு எண்ணெய் பூசிக் குளிக்க வார்த்துக் கொடுப்பார். மதிலுக்கு மேலால் கறிக் கோப்பை வரும். கிளினிக்கில் திரும்பவும் அந்தத் தாயைக் கண்டபோது கோடு ஏறத் தொடங்கியிருந்தது. மூன்று அறை வீட்டால் முடியாததை ஓர் அறையும் ஒரு கிழவியும் செய்ததை என் கண்ணால் கண்டேன். ஆகவே அனெக்ஸ் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

வீடு பார்க்கும் முன் பாடசாலையைப் பாருங்கள். தரம் 4இல் புதிதாகச் சேர்ப்பது வகுப்பில் வெற்றிடம் இருப்பதைப் பொறுத்தது. நகரத்தில் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி ஆகியவை ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை. எங்கே இடம் கிடைக்கிறதோ அதன் அருகில் வீடு என்று முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. கணவரின் இடமாற்றக் கடிதம், மகளின் முன்னேற்ற அறிக்கை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளோடு அதிபர்களைச் சந்தியுங்கள்; வலயக் கல்வி அலுவலகத்திலும் விசாரியுங்கள். இங்கே இடம் உறுதியாகும் முன்னர் ஹற்றனில் விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இங்கே தரம் 4இலேயே பின்னேர வகுப்புகள் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பாலானவை நகரத்துக்குள். நிலாவெளியிலிருந்து வருகிற ஒன்பது வயதுப் பிள்ளை விடியும் முன் எழுந்து, இருட்டிய பின் வீடு போய்ச் சேரும். நகரத்தில் இருக்கிற பிள்ளை பாடசாலை விட்டு வந்து, சோறு சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து வகுப்புக்குப் போகும்.

சின்னவனுக்காகவும் ஒரு சொல். தரம் 1 அனுமதியில் வசிப்பிடத்துக்கான புள்ளிகள், அந்த விலாசத்தில் எத்தனை வருடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. புதிதாக வருகிறவர்களுக்கு அது கடினம். ஆனால் சேவையின் தேவை கருதி இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், அரச வங்கி ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று உண்டு. அதனால் இடமாற்றக் கடிதத்தின் மூலப்பிரதியைக் கவனமாக வைத்திருங்கள். வந்தவுடன் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்புப் படிவம் வரும்போது பெயரை இங்கே சேர்த்துவிடுங்கள்.

இனி நகரத்துக்குள் எந்தப் பக்கம்? உவர்மலை அழகான இடம். மாகாண அலுவலகங்கள் பல அங்கேதான். காற்று வரும், அயல் அமைதியானது. உங்கள் மாமியின் முழங்காலுக்கு ஏற்றமும் இறக்கமும் ஆகாது, வாடகையும் கூடுதல். டைக் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் முகம் ஒடுங்கி உள்ளே நீண்டு போகும். ஓட்டுக் கூரை, நடுவே சிறு முற்றம். ஹற்றன் குளிரிலிருந்து வருகிற வயதானவருக்கு வைகாசி, ஆனி மாதங்களின் கச்சான் காற்று பெருந்துன்பம். பகல் முழுவதும் அனல் அடிக்கும், புழுதி எழும். தொய்வுக்காரர் மூச்சுக்குத் திணறுவார். சீட் கூரைக்குக் கீழோ, வெயில் நேராக விழும் மேல்மாடித் தளத்துக்குக் கீழோ அவரைப் படுக்க வைக்க வேண்டாம். ஓட்டு வீடு, கீழ்த்தளம், வளவில் ஒரு வேப்பமரம் என்று தேடுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்துக்குள் இருப்பதால் கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே ஓர் ஆட்டோவில் போய் இலக்கம் எடுத்துவிடலாம். பாலையூற்று, அன்புவழிபுரம், லிங்கநகர்ப் பக்கங்களில் வளவு பெரிது, வாடகை சற்று இறங்கும். அங்கே பார்ப்பதானால் பாடசாலைக்குப் பிள்ளை எதில் போகும் என்பதை முதலில் தீர்த்துவிட்டுப் பாருங்கள்.

வீட்டைப் பார்க்க ஜனவரி வரை காத்திருக்காமல் நவம்பரிலேயே ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் வீடு எதையும் மறைக்காது. ஒழுங்கையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று நின்று பாருங்கள். சுவரின் அடியைப் பாருங்கள். மேலே பழைய வர்ணம், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மட்டும் புதிய வர்ணம் என்றால் அந்த உயரத்துக்கு வெள்ளம் வந்திருக்கிறது. அலுமாரிகளைச் சுவரிலிருந்து தள்ளி, செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தாலும் அதுதான் காரணம். கடலுக்கு அண்மித்த கிணறுகளில் மழைக்காலத்தில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். ஆவணி, புரட்டாதியில் உவர்ப்பு ஏறும். குசினியில் உள்ள கேத்தலைத் திறந்து உள்ளே பாருங்கள். வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் அந்த வீட்டுத் தண்ணீரைப் பற்றி வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீர் இணைப்பு இருக்கிறதா, அதற்குத் தனி மானி உண்டா என்று கேளுங்கள். கிணற்றைப் பாவிப்பதானால் மலசலகூடக் குழி குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். சொந்த வளவின் குழியை மட்டும் அளப்பார்கள். மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி இருக்கும். அதையும் எட்டிப் பாருங்கள்.

முற்பணமாக ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்பார்கள். கொடுப்பதானால் நொத்தாரிசு முன் உடன்படிக்கை எழுதிக் கொடுங்கள். இடையில் மாற்றம் வந்தால் மீதிப் பணம் எப்படித் திரும்பும் என்பது அதில் இருக்க வேண்டும்.

என் முடிவைக் கேட்டீர்களானால்: பாடசாலைக்கு நடக்கும் தூரத்தில், வீட்டுக்காரர் அதே வளவில் குடியிருக்கும் கீழ்த்தள அனெக்ஸ். புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை அங்கே இருங்கள். அதற்குள் ஊரும் மனிதரும் பழகிவிடும். பெரிய வீடு வேண்டுமென்றால் அப்போது நீங்களே தேடிக்கொள்வீர்கள். கடற்காற்றைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்பட வேண்டாம். நகரத்தின் மூன்று பக்கமும் கடல்தான். பின்னேரம் டச்பே மணலில் பிள்ளைகளை ஓட விடலாம்.

கேள்வி: அம்மா, எனக்குச் சீனக்குடாவில் உள்ள தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. முறை வேலை, மாதத்தில் பாதி நாட்கள் இரவில். நாங்கள் வவுனியாவில் இருக்கிறோம். மனைவிக்கு இது நான்காவது மாதம், முதல் குழந்தை. அவருடைய தாய் வீடு கிளிநொச்சியில். தொழிற்சாலைக்கு அருகில் வீடு எடுப்பதா, கிண்ணியாவில் நண்பன் காட்டும் வீட்டை எடுப்பதா, நகரத்துக்குப் போவதா? – வாசகர், வவுனியா

பதில்: தம்பி, வாழ்த்துகள். மூன்று இடங்களை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று எழுதவில்லை. இதை வாசித்ததும் அவரிடம் கேளுங்கள். ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்குப் போக விரும்புகிறாரா, இங்கேயே உங்களோடு இருந்து பிள்ளை பெற விரும்புகிறாரா என்று. மற்றவை எல்லாம் அந்தப் பதிலில் தங்கியிருக்கின்றன.

கிளிநொச்சிக்குப் போவதுதான் அவர் விருப்பம் என்றால், இடையில் இருக்கும் இரண்டு, மூன்று மாதங்களுக்காக ஒரு கர்ப்பிணியை புது ஊருக்குக் கொண்டுவந்து, புது வீட்டில் சாமான் இறக்கி, திரும்பவும் அனுப்புவது தேவையற்ற அலைச்சல். நீங்கள் முதலில் தனியாக வாருங்கள். உடன் வேலை செய்பவர்களோடு போர்டிங்கில் இருங்கள். வேலையின் நேரமும் ஊரின் போக்கும் பிடிபட்டபின் ஆறுதலாக வீடு தேடுங்கள். தாயும் பிள்ளையும் திரும்பி வரும்போது வீடு தயாராக இருக்கட்டும்.

உங்களோடுதான் இருப்பேன் என்றால் நகரத்துக்கு வாருங்கள். சீனக்குடாவில் மாவு ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், விமானப்படைத் தளம் என்று வேலைத்தலங்கள் நிறைய. இரவில் நீங்கள் வேலையில் நிற்கும்போது உங்கள் மனைவிக்கு அவை துணையாகா. நகரத்திலோ பாலையூற்றுப் பக்கமோ இருந்தால் நீங்கள்தான் தினமும் பயணம் செய்ய வேண்டும், செய்யுங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர் வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர் தூரத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பனிக்குடம் உடைகிற நேரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் இரவு வேலை நாட்களில் கூப்பிட்டால் வரக்கூடிய ஓர் ஆட்டோச் சாரதியின் இலக்கத்தை வந்த முதல் கிழமையிலேயே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கிண்ணியாவைத் தள்ளிவிடவும் முடியாது. 2009இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கே போய்வரப் படகுப் பாதையைத்தான் நம்பியிருந்தோம். நோயாளியை ஏற்றிக்கொண்டு அக்கரையில் காத்து நின்ற துயரமெல்லாம் எனக்குத் தெரியும். இன்று அப்படி இல்லை. தள வைத்தியசாலையும் அங்கே இருக்கிறது. உங்கள் நண்பரின் குடும்பம் பக்கத்து வளவிலேயே குடியிருக்கிறது, அவருடைய மனைவியோ தாயோ உங்கள் மனைவியைப் பார்த்துக்கொள்வார் என்றால் நான் கிண்ணியாவுக்கே சம்மதம் சொல்வேன். நண்பர் வீட்டைக் காட்டிவிட்டுத் தான் வேறெங்கோ இருக்கிறார் என்றால் வேண்டாம்.

எங்கே எடுத்தாலும் நுளம்பைப் பாருங்கள். 2017இல் டெங்கு நாடு முழுவதும் பரவியபோது கிண்ணியா பட்ட பாட்டை நாங்கள் மறக்க மாட்டோம். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் இரண்டு உயிர். கூரைப் பீலியில் சருகு அடைத்திருக்கிறதா, மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா, பக்கத்தில் மதில் அடைத்துக் கைவிட்ட வெறும் வளவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த வெறும் வளவுதான் காரணமாக இருக்கும். வீட்டுக்காரர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

வவுனியாவில் பதிந்திருக்கிற குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லாமல் வர வேண்டாம். கர்ப்பிணிப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்து, வந்த கிழமையிலேயே அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதியுங்கள். வீடு மாறும் கர்ப்பிணிகளில் சிலர் பழைய இடத்துப் பட்டியலிலும் இல்லாமல், புதிய இடத்துப் பட்டியலிலும் இல்லாமல் நடுவில் விடுபட்டுப் போகிறார்கள். தடுப்பூசி தவறும், இரத்தப் பரிசோதனை தவறும், குருதியழுத்தம் ஏறுவதைக் கவனிக்க ஆள் இருக்காது. அப்படி விடுபட்டவர்களைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்திருக்கிறேன். உங்கள் மனைவியை யாரும் தேட வேண்டியிராமல் நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் பதியுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. திருகோணமலை நகரத்தில் சொந்த வீடு. கணவர் மாகாண அலுவலகத்தில் வேலை, மகன் தரம் 10. எனக்கு மூதூருக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. குடும்பத்தோடு மூதூருக்குப் போய்விடலாமா, அல்லது தினமும் போய்வரலாமா? – வாசகி, திருகோணமலை

பதில்: ரீச்சர், குடும்பத்தை அசைக்க வேண்டாம். மகன் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவன். ஆசிரியர்களும் வகுப்புகளும் நண்பர்களும் இங்கே இருக்கிறார்கள். ஒருவருடைய மாற்றத்துக்காக மூவர் இடம்பெயர வேண்டியதில்லை.

தினமும் போய்வருவது முடியாத காரியம் அல்ல. முன்பு கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் போவோம். தரைவழி என்றால் படகுப் பாதைகளில் ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாப் பாலமும், 2011இல் திறக்கப்பட்ட மற்றப் பாலங்களும் வந்தபின் பஸ்ஸில் இறங்காமலே போகலாம். ஆனாலும் குடாவைச் சுற்றிப் போகிற பாதை அது. காலையிலும் மாலையிலும் அந்தப் பயணம், நடுவில் ஐந்தாறு பாடவேளை, வந்து வீட்டுச் சமையல் என்றால் உடம்பு ஒரு தவணைக்குமேல் தாங்காது. வீட்டில் உள்ள இரண்டு ஆண்களும் காலைச் சமையலைப் பொறுப்பெடுத்தால் போய்வாருங்கள். இதை நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன், அவர்களும் வாசிக்கட்டும்.

முடியாதென்றால் மூதூரில் மற்ற ஆசிரியைகளோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்து, திங்கள் போய் வெள்ளி திரும்புங்கள். எப்படி ஆனாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களுக்கு அங்கே தங்க ஓர் இடம் வேண்டும். மகாவலி பெருகினால் வெருகல், மூதூர், கிண்ணியா தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும். பாதை எப்போது தடைப்படும் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் வீட்டு நினைப்பில் அவசரப்பட்டுத் தண்ணீரைக் கடக்க வேண்டாம். 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கையில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். காலையில் சீருடை போட்டுப் புறப்பட்ட பிள்ளைகள். அதை எண்ணும்போது இப்போதும் என் நெஞ்சு பதறுகிறது. உங்கள் வகுப்பில் தண்ணீரைக் கடந்து வரும் பிள்ளைகள் இருந்தால், மழை நாளில் வரவு இடாப்பில் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் மட்டக்களப்பில் தரம் 8 படிக்கிறேன். அப்பாவுக்குத் திருகோணமலைக்கு மாற்றம். எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வர விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. என் வலைப்பந்து அணியை விட்டுவிட்டு வர வேண்டும். என்ன செய்வது? – ஒரு மகள், மட்டக்களப்பு

பதில்: மகள், உன் கடிதத்தை முதலில் வாசித்தேன், இடம் கருதிக் கடைசியில் வைத்திருக்கிறேன். கேட்கவில்லை என்பது உண்மையான மனத்தாங்கல். அப்பாவுக்கு மாற்றத்தை நிறுத்த முடியாமல் இருக்கலாம். எந்தப் பாடசாலை, எந்த வீடு என்பவை இன்னும் முடிவாகவில்லை அல்லவா? அவற்றில் உன் சொல் சேர வேண்டும்.

இந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டு. ஐயா, நீங்கள் அதிபரைச் சந்திக்கும்போது வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்பதோடு, வலைப்பந்து அணி இருக்கிறதா, பயிற்சி எந்த நாட்களில், எத்தனை மணிக்கு முடியும் என்றும் கேளுங்கள். பயிற்சி முடிந்து பிள்ளை தனியாக, வெளிச்சத்தோடு நடந்து வரக்கூடிய வீடாகப் பாருங்கள். அந்த அணியில்தான் அவளுக்கு இங்கே முதல் தோழிகள் கிடைப்பார்கள். மட்டக்களப்பில் அவள் விளையாடியதற்கான சான்றிதழ்களைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் கையில் கொண்டுவாருங்கள்.

வீடு பார்க்க வரும் நாளில் நீயும் கூட வருவதாகச் சொல், மகள். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு வரும் ஏ15 வீதியால் வந்தால் வழி முழுவதையும் பார்க்கலாம். வீடுகளைப் பார்த்து முடித்ததும் பிரெட்ரிக் கோட்டைக்குள் புகுந்து கோணேசர் கோயில் வரை நடந்து வா. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே பயமில்லாமல் மேயும். திரும்பும் பயணத்தில், பார்த்த வீடுகளில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. முற்பணம் கொடுக்கும் முன் அவர் அதை வாசிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதாகவும் சொல்.